முதியோர் இல்லத்தில் ஒரு குளிர்ந்த அறை

2003ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், பாரிஸ் மாநகரின் தெற்கே உள்ள தியே என்னும் ஊரின் பொது அடக்கத்தலத்தில் 57 சவப்பெட்டிகள் மண்ணுக்குள் இறக்கப்பட்டன. பிரான்ஸ் நாட்டின் குடியரசுத் தலைவர் ழாக் சிராக்கும் பாரிஸ் மேயரும் அருகே நின்றிருந்தனர். அடக்கப்பட்டவர்கள் எவரும் போரில் மாண்டவரல்லர், கொள்ளைநோயில் மடிந்தவருமல்லர். ஆகஸ்டு மாதத்து வெயிலில் இறந்து, வாரங்கள் சில கடந்த பின்னும், "இது எங்கள் தாய், இது எங்கள் தந்தை" என்று கேட்டு வர ஒருவரும் இல்லாமற் போனவர்கள்.

அந்த ஆகஸ்டின் முதல் இருபது நாட்களில் மட்டும் பிரான்சில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறத்தாழ 14,800 பேர் இறந்தனர் என்று அந்நாட்டு மருத்துவ ஆய்வு நிறுவனம் பின்னர் கணக்கிட்டது. அவர்களுள் ஐந்தில் நான்கு பங்கினர் 75 வயதைக் கடந்தவர்கள். முதியோர் இல்லங்களில் அந்நாட்களில் நிகழ்ந்த இறப்பு, வழக்கமான அளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. செல்வத்திலும் மருத்துவத்திலும் முன்னணியில் நிற்கும் ஒரு நாட்டில் இது எவ்வாறு நேர்ந்தது? பின்னர் அவர்கள் என்ன செய்தனர்? நம் இல்லங்களில் அத்தாவும் உம்மாவும் முதுமையடைந்து வரும் காலத்தில் இவ்விரு வினாக்களும் நமக்குத் தொலைவான செய்திகளல்ல.

வாசகர்களில் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். "முதியோர் இல்லத்தில் பெற்றோரை விட்டவர்களின் கதை நமக்கெதற்கு?" என்பார்கள். ஒரு செய்தியை இங்கே சொல்லிவிட வேண்டும். 2003இல் வெப்பத்தால் இறந்தவர்களில், முதியோர் இல்லங்களில் இறந்தோரைவிடத் தத்தம் சொந்த வீட்டில் இறந்தோரின் தொகையே அதிகம். ஆகவே, வீட்டில் வைத்திருக்கிறோம் என்ற ஒன்றினாலேயே நாம் பொறுப்பிலிருந்து நீங்கிவிட்டோம் என்று எண்ணுவதற்கில்லை.

குளிருக்காகக் கட்டிய நகரம்

பாரிஸ் நகரத்துக் கட்டடங்கள் குளிரைத் தாங்குவதற்கென்றே எழுந்தவை. பழைய குடியிருப்புகளின் கூரைகள் துத்தநாகத் தகட்டால் வேயப்பட்டவை. அத்தகட்டின் கீழுள்ள மேல்மாடி அறை, வெயிற்காலத்தில் நம் ஊர்த் தகரக் கொட்டகைக்குச் சற்றும் குறைந்ததன்று. குளிர்சாதனம் அன்றைய பிரான்சில் அரிதான பொருள். முதியோர் இல்லங்களிலும் பெரும்பாலும் இல்லை. ஆண்டில் சில நாள் வெயிலுக்காக அத்தனை செலவா என்பதே எல்லாருடைய எண்ணமும்.

அவ்வாண்டு ஆகஸ்டு 4 முதல் 12 வரை ஒன்பது நாட்கள் பாரிஸில் பகல் வெப்பம் 35 டிகிரிக்குமேல் நின்றது. உச்சத்தில் 39 டிகிரியையும் கடந்தது. "இதுதானா? வேலூரில் சித்திரையில் இதைவிட அதிகமாயிற்றே!" என்று நாம் சிரித்துவிடலாம். ஆனால், உயிரைப் பறித்தது பகல் மட்டுமன்று, இரவும்தான். ஆகஸ்டு 11, 12 ஆகிய நாட்களின் இரவுகளில் வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. பகலெல்லாம் சூட்டைக் குடித்த கல்லும் தாரும் இரவெல்லாம் அதை உமிழ்ந்தன. இரவில் ஓய்ந்து, மறுநாளுக்குத் தன்னை ஆயத்தம் செய்துகொள்ளும் வாய்ப்பு முதிய உடலுக்குக் கிடைக்கவில்லை. ஒருநாள் வெப்பத்தைத் தாங்குகிற இதயம், ஒன்பதாம் நாள் தாங்குவதில்லை.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஆகஸ்டு, பிரெஞ்சுக்காரர்களின் விடுமுறை மாதம். மருத்துவர் ஊரில் இல்லை, தாதியர் பாதிப்பேர் இல்லை, பிள்ளைகள் கடற்கரை ஊர்களில், அமைச்சர்களும் ஓய்வில். அவசரப் பிரிவு மருத்துவர் சங்கத்தின் தலைவர் பத்திரிக் பெலூ, ஆகஸ்டு 10ஆம் நாள் தொலைக்காட்சியில் தோன்றி, மருத்துவமனைகளில் மக்கள் மடிந்து வருகிறார்கள் என்று அபயக்குரல் எழுப்பினார். மறுநாள் நலவாழ்வு அமைச்சர் தம் விடுமுறை இல்லத்தின் தோட்டத்திலிருந்து, கழுத்துப்பட்டி இல்லாத சாதாரண சட்டையுடன், நிலைமை கட்டுக்குள் இருப்பதாகத் தொலைக்காட்சியில் பேசினார். அந்தச் சட்டையை அந்நாட்டு மக்கள் நெடுநாள் மறக்கவில்லை. பிணவறைகள் நிறைந்துபோக, ரங்ஜீஸ் என்னுமிடத்து உணவுப்பொருள் மொத்தச் சந்தையின் குளிர்பதனக் கூடம் சடலங்களுக்கு இடமாயிற்று. ஆகஸ்டு 18ஆம் நாள் நலவாழ்வுத் துறையின் தலைமை இயக்குநர் பதவி விலகினார்.

முதிய உடலும் வெப்பமும்

நம் உடல் தன் வெப்பத்தை 37 டிகிரியை ஒட்டி வைத்துக்கொள்ள இரு வழிகளைக் கையாளுகிறது. இரத்தத்தைத் தோலுக்கு அதிகமாகச் செலுத்தி வெப்பத்தை வெளியேற்றுவது ஒன்று. வியர்த்து, அவ்வியர்வை காயும்போது குளிர்ச்சி பெறுவது மற்றொன்று. முதலாவதற்கு வலிமையான இதயம் வேண்டும். இரண்டாவதற்குப் போதிய நீரும், நன்கு இயங்கும் வியர்வைச் சுரப்பிகளும், ஈரப்பதம் மிகாத காற்றும் வேண்டும். முதுமையில் இதயம் தளர்கிறது, வியர்வை குறைகிறது, எல்லாவற்றையும்விட, தாகம் மங்குகிறது. உடல் வறண்டு கிடக்கும், நா கேட்காது. "தண்ணீர் வேண்டுமா?" என்றால் "வேண்டாம்" என்றே பதில் வரும். அப்பதிலை நம்பிச் செம்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகிற பிள்ளைகள் நம்மில் ஏராளம்.

மருந்துகளும் இதில் பங்கு கொள்கின்றன. இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும், சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் மாத்திரைகள் உடலின் நீரைக் குறைக்கின்றன. மனநோய்க்கும் நடுக்கத்துக்கும் தரப்படுபவற்றுள் சில, வியர்வையையே தடுத்துவிடுகின்றன. வெயிற்காலம் தொடங்குமுன் மருத்துவரிடம் மருந்துப் பட்டியலை ஒருமுறை காட்டி அளவைச் சரிபார்த்துக்கொள்வது இதனால்தான் அவசியமாகிறது. தாமாகவே மாத்திரையை நிறுத்துவது அதைவிடப் பெரும் ஆபத்து.

நினைவு தடுமாறிய முதியவர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வெயில் நேரத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்ற மறுப்பவர்களும், சாளரத்தைத் திறந்துவைத்து அனற்காற்றை வரவேற்பவர்களும் உண்டு. தமக்கு என்ன நேர்கிறது என்று சொல்ல அவர்களிடம் சொற்களில்லை.

2003ஆம் ஆண்டின் இறப்புகளை ஆராய்ந்தவர்கள், பாரிஸின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். படுத்த படுக்கையாய், எல்லாவற்றுக்கும் பிறர் கையை எதிர்நோக்கி இருந்தவர்களைவிட, ஓரளவு நடமாடிக்கொண்டிருந்தவர்களிடையேதான் இறப்பு விகிதம் வழக்கத்திலிருந்து மிக அதிகமாக உயர்ந்திருந்தது! படுக்கையில் கிடப்பவருக்குப் பணியாளர் வேளைதோறும் நீர் புகட்டினர். ஈரத்துணியால் உடல் துடைத்தனர். "இவர் நன்றாகத்தானே இருக்கிறார்" என்று கருதப்பட்டவரை எவரும் கவனிக்கவில்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் எழுபத்தெட்டு வயது மாமியார் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

நீலத் திட்டம்

மறு ஆண்டே பிரான்ஸ் செயலில் இறங்கியது. 2004இல் தேசிய வெப்பத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. முதியோர் இல்லங்களுக்கென அமைந்த பகுதிக்கு 'நீலத் திட்டம்' என்று பெயர். அதன்படி ஒவ்வோர் இல்லமும் நெருக்கடி வேளையில் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே பெயர் குறித்து எழுதிவைக்க வேண்டும். விடுமுறையில் உள்ள பணியாளரை எவ்வாறு திரும்ப அழைப்பது என்று முடிவு செய்திருக்க வேண்டும். அருகிலுள்ள மருத்துவமனையோடு உடன்படிக்கை வேண்டும். இவற்றோடு, இல்லத்தில் வாழ்வோர் வந்து தங்குவதற்குக் குளிரூட்டிய பொதுஅறை ஒன்றாவது இருந்தாக வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் ஆணை விதித்தது.

எல்லா அறைகளுக்கும் அல்ல, ஓர் அறைக்கு! இதில்தான் அத்திட்டத்தின் சிக்கனமும் இருக்கிறது, சாமர்த்தியமும் இருக்கிறது. நாள் முழுதும் குளிரில் இருக்க வேண்டுவதில்லை. இரண்டு மூன்று மணிநேரம் உடல் குளிர்ந்தால், மீதி நேரத்தைத் தாங்கும் ஆற்றல் அதற்குத் திரும்புகிறது. ஆகையால் உச்சி வெயில் வேளையில் முதியவர்களைச் சக்கர நாற்காலிகளில் அந்த அறைக்குக் கொண்டுவந்து, அங்கேயே உணவும் பானமும் கொடுத்து, மாலையில் திரும்ப அழைத்துச் செல்கின்றனர். குறையும் இல்லாமலில்லை. படுக்கையை விட்டு நகர்த்த இயலாதவர்க்கு அந்த அறை எட்டாக்கனியே. எண்பது பேருக்கு ஓர் அறை என்றால், நாள்தோறும் அவர்களைத் தள்ளிச்செல்லும் கைகள் எத்தனை வேண்டும்? கருவியை வாங்குவது எளிது, ஆளை நியமிப்பது கடினம் என்பதை எந்த நாட்டு நிர்வாகமும் விரைவில் உணர்ந்துவிடுகிறது.

ஏனைய அறைகளுக்குப் பழைய முறைகளே கைகொடுக்கின்றன. வெயில் படும் பக்கத்துச் சாளரங்களையும் வெளிக்கதவுகளையும் காலையிலேயே அடைத்துவிடுவது. இரவில் வெளிக்காற்று உள்வெப்பத்தைவிடக் குளிர்ந்த பின்னரே எதிரெதிர்ச் சாளரங்களைத் திறப்பது. திரையைக் கண்ணாடிக்கு உட்புறம் தொங்கவிடுவதைவிட வெளிப்புறத்தில் மறைப்பது பன்மடங்கு நல்லது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. கெய்ரோ நகரத்துப் பழைய வீடுகளின் மரப்பின்னல் சாளரமும், நம் முன்னோர் வீட்டு முற்றமும் தாழ்வாரமும் இதே அறிவின் வடிவங்களே. அவற்றை இடித்துவிட்டுக் கண்ணாடிச் சுவர் எழுப்பியதன் பின், குளிர்சாதனத்துக்கு மின்கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

மின்விசிறியைப் பற்றி ஒரு சொல். அறையின் வெப்பம் தோலின் வெப்பமான சுமார் 35 டிகிரியைக் கடந்துவிட்டால், விசிறி வீசுவது குளிர்காற்று அன்று. சூட்டையே அது உடலின்மேல் தள்ளுகிறது. அவ்வேளையில் தோல் ஈரமாக இருந்தால் மட்டுமே பயன் உண்டு. அதனால்தான் பிரெஞ்சு இல்லங்களில் முகத்திலும் கை கால்களிலும் நீர்த்தூவல் தெளித்து, பின்னர் விசிறியை இயக்குகின்றனர். கடலோர ஊர்களில் காற்றே ஈரமாய் இருப்பதால் இம்முறையின் பயனும் குறையும். அங்கே குளிர்ந்த நீரில் துணியை நனைத்து அடிக்கடி துடைப்பதே மேல்.

தண்ணீர் புகட்டுவதும் ஒரு கலை. பெரிய குவளையை நீட்டினால் முதியவர் மறுப்பார். சிறு கிண்ணத்தில் அடிக்கடி கொடுத்தால் மறுக்கமாட்டார். விழுங்குவதில் இடர்ப்படுவோர்க்குக் கெட்டியாக்கிய நீரைக் களிபோல் கரண்டியால் ஊட்டுகின்றனர். உணவே உண்ணாமல் வெறும் நீரை மட்டும் மிகுதியாகக் குடித்தால் இரத்தத்தின் உப்பு குறைந்து, அதுவே மயக்கத்தில் கொண்டுபோய் விடும். ஆகவே கஞ்சி, ரசம், மோர் போன்றவை சேர வேண்டும். இதய நோயாளிகளும் சிறுநீரக நோயாளிகளும் நீரின் அளவை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். ரமளான் கோடையில் வந்த ஆண்டுகளில், "நான் நோன்பை விடமாட்டேன்" என்று பிடிவாதமாய் நின்ற பெரியவர்களை நாம் கண்டிருக்கிறோம். நோற்க இயலாத முதியவருக்கு, நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா எனும் சலுகை மார்க்கம் தந்ததேயாகும்; அதை அவர்க்குப் பொறுமையோடு எடுத்துச் சொல்வது வீட்டாரின் கடமை.

எப்போது அபாய மணி அடிப்பது என்பதிலும் பிரெஞ்சுக்காரர் இரவை மறக்கவில்லை. பாரிஸ் வட்டாரத்துக்கு அவர்கள் குறித்த எல்லை, பகலில் 31 டிகிரி, இரவில் 21 டிகிரி. மூன்று நாட்களின் சராசரி இவ்விரண்டையும் ஒருங்கே எட்டும் என்று தெரிந்தால் எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. தெற்கே, வெயிலுக்குப் பழகிய ஊர்களில், எல்லை இதைவிட உயர்ந்தது.

இதற்கெல்லாம் பணம்? முதியோர்க்கும் உடற்குறையுடையோர்க்குமாக ஆண்டுக்கு ஒரு நாள் எல்லாத் தொழிலாளரும் கூடுதல் ஊதியமின்றி உழைக்க வேண்டும் என்று 2004 ஜூன் 30ஆம் நாளின் சட்டம் விதித்தது. அந்நாளுக்கீடாக, முதலாளிகள் ஊதியத் தொகையில் 0.3 விழுக்காட்டை அரசுக்குச் செலுத்துகின்றனர். தொடக்கத்தில் இதற்கென ஒரு கிறிஸ்தவத் திருநாளின் விடுமுறையே எடுக்கப்பட்டதால் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பின்னர் நாளைத் தேர்ந்துகொள்ளும் உரிமை வழங்கப்பட்டது. ஒற்றுமை நாள் என்ற பெயரில் அது நிலைத்துவிட்டது.

பயன் விளைந்ததா? 2006 ஜூலையில் மீண்டும் கடும் வெப்பம் வந்தது. பழைய அனுபவத்தைக் கொண்டு கணக்கிட்டபோது ஏறத்தாழ 6,400 பேர் கூடுதலாக இறந்திருக்க வேண்டும். இறந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர்.

மின்சாரம் நின்றபோது

குளிர்சாதனம் இருந்தும் அழிவு வந்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஹாலிவுட் என்றோர் ஊர். திரைப்படத்துக்குப் பெயர்பெற்ற ஊர் வேறு. 2017 செப்டம்பர் 10ஆம் நாள் இர்மா புயல் தாக்கியபோது, அங்குள்ள ஒரு முதியோர் மருத்துவ இல்லத்தில் குளிர்சாதனத்துக்கு மின்சாரம் தரும் மின்மாற்றி பழுதுபட்டது. விளக்குகள் எரிந்தன, ஏனைய கருவிகள் ஓடின, குளிர்ச்சி மட்டும் நின்றது. அவ்வில்லத்தின் மின்னாக்கியோ குளிர்சாதனத்தோடு இணைக்கப்பட்டதன்று. தற்காலிகக் குளிர்விப்பான்களை உள்ளே கொணர்ந்து வைத்தனர். அவை வெளியேற்றிய சூடு கட்டடத்தின் கூரைப்பகுதிக்கே சென்று மேல்மாடியை இன்னும் சூடாக்கிற்று என்று விசாரணையில் கூறப்பட்டது. எந்தக் குளிர்விக்கும் கருவியும் வெப்பத்தை அழிப்பதில்லை. ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் கொட்டுகிறது. கொட்டும் இடம் வீட்டுக்குள்ளேயே இருந்தால் என்ன பயன்?

செப்டம்பர் 13ஆம் நாள் காலை, ஒருவர் பின் ஒருவராக முதியவர்கள் அவசர ஊர்தியில் வந்து சேர்வதைக் கண்டு ஐயுற்ற மருத்துவமனைத் தாதியர் நேரில் அங்கே சென்று பார்த்தனர். அந்த மருத்துவமனை இருந்தது தெருவின் எதிர்ப்புறத்தில். அங்கே குளிர்சாதனம் இடையறாது இயங்கிக்கொண்டிருந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். பன்னிரண்டு பேரின் இறப்பைப் பிறரால் விளைந்த மரணம் என்று மருத்துவ ஆய்வாளர் வகைப்படுத்தினார். இல்லத்தின் உரிமம் பறிக்கப்பட்டது. பணியாளர் சிலர்மீது தொடுக்கப்பட்ட வழக்கு நீண்டு, தாதியர்மீதான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. இல்ல நிர்வாகி 2023இல் விடுவிக்கப்பட்டார்.

2018இல் ஃபுளோரிடா சட்டம் இயற்றியது: இத்தகைய இல்லங்கள் ஒவ்வொன்றும், மின்சாரம் நின்றபின் 96 மணிநேரம்வரை 81 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 27 டிகிரி செல்ஷியஸை ஒட்டி, உள்வெப்பத்தைக் காக்கும் மின்னாக்கியும் எரிபொருளும் வைத்திருக்க வேண்டும். இன்வெர்ட்டர் வாங்கும்போது எத்தனை விளக்கு எரியும் என்று கேட்கிறோம். முதியவர் படுத்திருக்கும் அறையின் விசிறி எத்தனை மணிநேரம் சுற்றும் என்று கேட்பதில்லை.

வீட்டில்

செய்ய வேண்டியவற்றுள் மிகச் சிறியது, அவ்வறையின் சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டுவது. கூடத்தில் அமர்ந்திருக்கும் நமக்கு, மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையின் நிலை தெரியாது. கோடையில் முதியவரின் படுக்கையைத் தரைத்தளத்துக்கு மாற்ற முடியுமானால் அதுவே பாதிச் சிகிச்சை.

அறிகுறிகளையும் அறிந்திருத்தல் நன்று. நாக்கும் அக்குளும் வறண்டிருத்தல், சிறுநீர் குறைந்து கருமஞ்சளாதல், வழக்கமில்லாத சோர்வு, தலைச்சுற்றல், பேச்சில் குழப்பம். உடல் கொதிக்கையில், 40 டிகிரியை ஒட்டியோ மேலோ வெப்பம் ஏறி, நினைவும் தடுமாறினால், அது வெப்பத்தாக்கு. காய்ச்சல் மாத்திரையால் அது தணியாது, காத்திருக்கவும் கூடாது. ஆடைகளைத் தளர்த்தி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நினைவற்றவர் வாயில் நீர் ஊற்றுவது மூச்சுக்குழலில் போய் உயிரையே பறிக்கக்கூடும்.

காரைக்கால், புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த வாசகர்களுக்கு இன்னொரு செய்தி. 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பெரியவர்கள் பலர், பாரிஸைச் சூழ்ந்த ஊர்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். சிலர் தனித்தே வாழ்கின்றனர். 2004ஆம் ஆண்டின் சட்டப்படி ஒவ்வொரு மேயர் அலுவலகத்திலும் தனித்து வாழும் முதியோரின் பதிவேடு ஒன்று பேணப்படுகிறது. வெப்ப எச்சரிக்கை விடுக்கப்பட்டதும், அதில் பெயருள்ளவர்களை அலுவலர்கள் தொலைபேசியில் அழைக்கின்றனர். பதில் இல்லையேல் நேரில் ஆளனுப்புகின்றனர். பெயர் தானாக ஏறுவதில்லை. முதியவரே கேட்டுக்கொள்ளலாம், அவருக்காக உறவினரோ மருத்துவரோ எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். கட்டணம் ஏதுமில்லை. வெயிற்காலம் அங்கே ஜூன் மாதத்தில் தொடங்குவதால், மே மாதத்துக்குள் எழுதிவிடுவது நல்லது.